ஹீலர் மேலேயே ஏன் எல்லாப் பழியும் வந்து விழுகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு ஐந்து பேர் சுட்டு ஆடும் ஓவர்வாட்ச் 2-இல் தனியாகவே க்யூ போட்டு (ஆட்டத்துக்கான வரிசையில் சேர்ந்து), முன்பின் தெரியாதவர்களோடு சப்போர்ட், அதாவது குழுவுக்கு உயிர் ஏற்றும் ஹீலர், ஆடுகிறீர்கள். பெரும்பாலும் அனா என்ற ஹீரோ, சில சமயம் கிரிகோ. ஜெயித்தால் எதிரியை அடிக்கும் டமேஜ் ரோல் ஆடியவர்களைக் கொண்டாடுகிறார்கள், தோற்றால் "ஹீல் எங்கே" என்று உங்கள் மேல் பாய்கிறார்கள். சிஸ்டத்தை அணைத்த பிறகும் அந்த எரிச்சல் கூடவே வருகிறது. "இது இந்த ரோலின் இயல்பா, இல்லை நான்தான் தொட்டாற்சிணுங்கியா? விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் பாதி "மியூட் போட்டுட்டு ஆடுங்க" என்கின்றன, மீதி "இன்னும் நல்லா ஆடக் கத்துக்கோங்க" என்கின்றன. நீங்கள் கேட்டது அது இல்லை. இந்தப் பாரம் எங்கிருந்து வருகிறது, அது உங்களுடையதா என்றுதான் கேட்கிறீர்கள்.

நான் எந்த அனுபவத்தில் பேசுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2009 டிசம்பரில், டன்ஜன் எனும் குகைச் சண்டைக்கு அந்நியர்களைத் தானாகச் சேர்த்துவிடும் டன்ஜன் ஃபைண்டர் வந்தபோதே நான் ஹீலர். அதன் பிறகு ஃபைனல் ஃபேன்டஸி 14, ஓவர்வாட்ச், வாலரன்ட் என்று எங்கே போனாலும் இதே வேலைதான். நடுவில் சில வருடங்கள் சென்னையில் ஒரு மொபைல் கேம் ஸ்டுடியோவில் சிஸ்டம் டிசைனராக இருந்தேன். பல பேர் சேர்ந்து ஆடும் கேம்களில் யாருக்கு என்ன பரிசு, ஸ்கோர்போர்டில் எந்த எண் தெரிய வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்யும் வேலை. உளவியல் படித்தவன் இல்லை. அதனால் கேமின் அமைப்பைப் பற்றிச் சொல்வதை உறுதியாகவும், மனசைப் பற்றிச் சொல்வதை அனுபவத்தில் பட்ட கருத்தாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இது: பாரம் பெரும்பாலும் ரோலில்தான் இருக்கிறது, உங்களிடம் இல்லை. மற்ற ரோல்களில் ஒருவர் எடுக்கும் முடிவும் அதன் விளைவும் ஒரே கையில் இருக்கும். சப்போர்ட்டில் முடிவை எடுப்பது வேறொருவர், விளைவைச் சுமப்பது நீங்கள். வார்கிராஃப்டில் இது பச்சையாகவே தெரியும். ஐந்து பேர் கொண்ட குழுவில் முன்னால் நின்று அடி வாங்கும் ஒரு டேங்க், ஒரு ஹீலர், மூன்று டமேஜ். ஒரே தடவையில் எத்தனை எதிரிகளை இழுத்து வருவது என்று முடிவு செய்வது டேங்க். அந்த அடியையெல்லாம் ஈடுகட்டக் குறையும் மானா (ஹீல் செய்யச் செலவாகும் சக்தி) ஹீலருடையது. ஹீலர் உட்கார்ந்து தண்ணீர் குடித்து மானாவை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அவசரக்காரர் அடுத்த கும்பலை இழுத்துவிடுவார். தரையில் எரியும் நெருப்பிலிருந்து நகராமல் அடித்துக்கொண்டே இருக்கும் டமேஜ் ஆளுக்கு அவருடைய டமேஜ் எண் கூடும். அதற்கான விலை ஹீலரின் மானாவிலிருந்து போகும். இப்படி நான்கு பேரின் அவசரமும் கவனக்குறைவும் ஒரே இடத்தில் வந்து கழிகின்றன. வருடக்கணக்கில் ஹீல் செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த டன்ஜனின் கோபுரங்களும் குகைகளும் எப்படி இருக்கும் என்று பலருக்கு நினைவிருக்காது. அவர்கள் பார்த்ததெல்லாம் திரையின் ஓரத்தில் இருக்கும் ஐந்து பச்சைப் பட்டைகளைத்தான்.

ஓவர்வாட்சில் இதே விஷயம் பத்து விநாடிக்குள் நடந்து முடிந்துவிடுவதால் இன்னும் குழப்பமாகிறது. நீங்கள் நிச்சயம் பார்த்திருக்கும் ஒரு காட்சியையே எடுத்துக்கொள்வோம். கிங்ஸ் ரோ மேப், முதல் பாயின்ட்டுக்குத் திரும்பும் தெரு முனை. நீங்கள் அனா. உங்கள் டேங்க் ரைன்ஹார்ட் யாரையோ பார்த்துவிட்டுச் சார்ஜ் போட்டு முனையைத் தாண்டிப் போய்விடுகிறார். உங்கள் துப்பாக்கி சுவரைத் துளைக்காது. அவரை ஹீல் செய்ய நீங்களும் முனைக்கு வர வேண்டும், வந்தால் எதிரியின் ஸ்னைப்பர் பார்வையில் நிற்பீர்கள். மாடியிலிருந்து கென்ஜி என்ற டமேஜ் ஹீரோ, பாதி உயிரோடு, ஹீல் கேட்கும் பட்டனை விடாமல் அமுக்குகிறார். அதே நேரம் உங்கள் முதுகுக்குப் பின்னால் எதிரியின் ட்ரேசர். தப்பித்து ஓட அனாவுக்கு எந்த வழியும் இல்லை. நீங்கள் திரும்பித் தூங்க வைக்கும் ஸ்லீப் டார்ட்டைச் சரியாக அடித்து ட்ரேசரைப் படுக்க வைக்கிறீர்கள். உங்கள் இன்னொரு சப்போர்ட்டும் பிழைக்கிறார். அந்த மூன்று விநாடியில் முனைக்கு அந்தப் பக்கம் ரைன்ஹார்ட் செத்துவிட்டார். சாட்டில் வருகிறது: "ஹீல் இல்ல."

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் செத்த பிறகு கேம் அவருக்கு என்ன காட்டுகிறது என்பது. கில்கேம் என்ற மறு ஒளிபரப்பு கொன்றவனின் கண்ணிலிருந்து ஓடுகிறது. எதிரி எங்கே நின்றான், எப்படிச் சுட்டான் என்பது அவருக்குத் தெரியும். முப்பது மீட்டர் பின்னால் நீங்கள் யாரோடு போராடிக்கொண்டிருந்தீர்கள் என்பது அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. அவரிடம் இருக்கும் தகவல் இரண்டே இரண்டு: நான் செத்தேன், ஹீல் வரவில்லை. இந்த இரண்டை வைத்து ஒரு சராசரி மனிதர் வேறு என்ன முடிவுக்கு வருவார்? அவர் கெட்டவர் என்று சொல்ல இதை எழுதவில்லை. கேம் அவருக்குக் கொடுத்திருக்கும் ஆதாரம் அப்படி.

ஸ்கோர்போர்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. 2016-இல் வந்த முதல் ஓவர்வாட்சில் தங்கம், வெள்ளி, வெண்கலப் பதக்கங்கள்தான். உங்களுடையது உங்களுக்கு மட்டும் தெரியும். 2022 அக்டோபரில் வந்த ஓவர்வாட்ச் 2-இல் பத்துப் பேரின் எண்களும் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார்கள். ஒளிவுமறைவு இல்லாதது நல்லதுதான் என்று தோன்றும். ஆனால் சப்போர்ட் செய்யும் வேலையில் எது எண்ணாகிறது என்று பாருங்கள். ஊற்றிய ஹீல் எண்ணாகும். கிரிகோவின் சுசு என்ற பாதுகாப்பு மணி சரியான நொடியில் விழுந்து இரண்டு பேர் சாகாமல் போனதற்கு "தடுத்த சாவு" என்று அந்தப் பலகையில் ஒரு கட்டம் இல்லை. அனாவின் கிரனேட் பட்டு எதிரி டேங்க் ஹீல் வாங்க முடியாமல் செத்தால், தடுத்த அந்த ஹீலுக்கும் ஒரு கட்டம் இல்லை. லூசியோ என்ற சப்போர்ட் வேகம் கொடுத்துச் சரியான நேரத்தில் குழுவைச் சேர்த்துவிட்டதும் அங்கே தனி எண்ணாக வராது. ஆக, மிக மோசமாக ஆடும் குழு நிறைய அடிவாங்கும், அந்தக் குழுவின் ஹீலருக்கு எண் பெரிதாக வரும். நன்றாக ஆடும் குழுவின் ஹீலருக்கு எண் சிறிதாக வரும். இதைத் தெரியாதவர்கள் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துச் சண்டை போடுகிறார்கள். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரின் நிலைமை கிட்டத்தட்ட இதுதான்: நாள் முழுக்கப் பிடித்த பந்துகளை யாரும் எழுதி வைப்பதில்லை, விட்ட ஒன்று பை ரன்னாக ஸ்கோர் கார்டில் ஏறிவிடும். ஆனால் கீப்பர் பத்து வருடம் ஒரே அணியோடு ஆடுவார், அவர் அருமை பௌலருக்குத் தெரியும். உங்களுக்கு அந்தப் பத்து வருடம் இல்லை. பதினைந்து நிமிடம்தான் இருக்கிறது.

"தெரியாதவர்களோடு" என்று நீங்கள் சொன்னது கேள்வியின் ஓரமாக வந்தாலும் அதுதான் நடுப்புள்ளி என்று நினைக்கிறேன். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணவன், மனைவி இருவரிடமும் தனித்தனியாக, வீட்டு வேலையில் உன் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இரண்டு பேர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூறைத் தாண்டியது. பொய் சொல்லவில்லை, நாம் செய்தது நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், அடுத்தவர் செய்தது அவ்வளவாக இருக்காது, அவ்வளவுதான். ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், பெயருக்குப் பதில் ஒரு நிக்நேம் மட்டும் தெரிந்த ஐந்து பேருக்கு எப்படி இருக்கும்? வீட்டில் இதைச் சரிக்கட்ட நாளைக்கு என்று ஒன்று இருக்கிறது. பழகிய குழுவிலும் இருக்கிறது. "போன மேட்ச்ல நீ என்னைக் காப்பாத்தினே" என்ற கடன் அடுத்த மேட்சில் திரும்பி வரும். அந்நியர்களோடு ஆடும்போது ஒவ்வொரு மேட்சும் புதுக் கணக்கு. நேற்று நீங்கள் பத்துப் பேரைத் தூக்கி நிறுத்தியது இன்றைய ரைன்ஹார்ட்டுக்குத் தெரியாது.

இதே ரோல் பழகிய குழுவில் எப்படி மாறுகிறது என்பதற்குத் தொழில்முறை ஆட்டத்தில் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. டோட்டா 2-இல் 2018, 2019 இரண்டு வருடமும் தொடர்ந்து தி இன்டர்நேஷனல் கோப்பையை வென்ற ஓஜி அணியின் கேப்டன் நோடெய்ல். அவர் ஆடியது ஐந்தாம் பொசிஷன்; குழுவிலேயே மிகக் குறைந்த தங்கத்தோடு (கேமுக்குள் பொருள் வாங்கும் பணம்) ஓட்டும் சப்போர்ட். 2014 லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய மாட்டாவும் சப்போர்ட்தான். இது எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை. மற்றவர்கள் தங்கள் குறியில் கண்ணை வைத்திருக்கும்போது முழு மேப்பையும் பார்க்க நேரம் இருப்பது சப்போர்ட்டுக்குத்தான், அதனால் "இப்போ போ, இப்போ திரும்பு" என்று சொல்லும் வேலை இயல்பாக அவரிடம் சேர்கிறது. பழகிய குழுவில் பொறுப்போடு அதிகாரமும் வருகிறது. அந்நியர்களோடு ஆடும்போது பொறுப்பு அப்படியே இருக்கிறது, அதிகாரம் மட்டும் காணாமல் போகிறது. நீங்கள் "திரும்பி வாங்க" என்று பிங் (திரையில் சைகை) அடித்தால் யாரும் திரும்புவதில்லை, திரும்பாதவர் செத்ததற்குக் கணக்கு மட்டும் உங்களிடம் வருகிறது. உங்களைக் களைப்பாக்குவது ஹீல் செய்யும் உழைப்பு இல்லை, இந்த இடைவெளிதான் என்பது என் முடிவு.

கேம் செய்பவர்களுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். ரொம்ப நாளாகத் தெரியும். டீம் ஃபோர்ட்ரஸ் 2 வெளிவந்தது 2007 அக்டோபரில். ஆறே மாதத்தில், 2008 ஏப்ரலில், தனியாக ஒரு பாத்திர வகைக்கென்று அவர்கள் கொடுத்த முதல் பெரிய அப்டேட் ஹீலரான மெடிக்குக்குத்தான் போனது. வார்கிராஃப்ட் 2011 ஏப்ரலில் "கால் டு ஆர்ம்ஸ்" கொண்டுவந்தது: எந்த ரோலுக்கு ஆள் குறைவோ அந்த ரோலில் க்யூ போட்டு டன்ஜன் முடித்தால் கூடுதலாக ஒரு பரிசுப் பை. ஃபைனல் ஃபேன்டஸி 14-இலும் ஆள் தேவைப்படும் ரோலுக்குத் தனி போனஸ் உண்டு. பரிசு கொடுத்தால் ஆள் வருவார்கள், க்யூ நேரம் குறையும். நானே இப்படிப் பரிசுகளை வடிவமைத்திருக்கிறேன், அது வேலை செய்யும். ஆனால் பரிசுக்காக வந்தவர் பை கிடைத்ததும் போய்விடுவார், இல்லையென்றால் அரைமனதோடு ஆடுவார். பரிசு ஆளைத்தான் கூட்டும், அந்த இடத்தில் இருக்கும் சுமையை ஒரு கிராம்கூடக் குறைக்காது. ஸ்டுடியோ மீட்டிங்குகளில் நான் இதைச் சொல்லும்போதெல்லாம் "க்யூ நேரம் குறைஞ்சிருச்சே" என்றுதான் பதில் வரும். க்யூ நேரம் அளக்க முடிந்த விஷயம். ஹீலரின் சோர்வு அளக்க முடியாத விஷயம்.

எந்த ரோல் என்று முதலிலேயே தேர்ந்தெடுத்து வரிசையில் சேரும் ஓவர்வாட்சின் ரோல் க்யூ இன்னொரு கதை. அதற்கு முன்பு ஹீரோ தேர்வுத் திரையில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆறு பேர், ஆறு பேரும் டமேஜ் ஹீரோவைப் பிடித்துவைத்திருப்பார்கள். யாராவது ஒருவர் ஹீலர் எடுத்தாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசி சில விநாடிகள் வரை யார் முதலில் இறங்கி வருவது என்று காத்திருப்பார்கள். ஆண்ட்ரியாஸ் டீக்மன் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1985-இல் இதை "தன்னார்வலரின் சிக்கல்" என்ற பெயரில் கணக்காகவே எழுதியிருக்கிறார். ஒருவர் விட்டுக்கொடுத்தால் எல்லோருக்கும் நன்மை, ஆனால் விட்டுக்கொடுப்பவருக்கு மட்டும் செலவு. குழு பெரிதாக ஆக, ஒவ்வொருவரும் "வேறு யாராவது செய்வார்கள்" என்று ஒதுங்கும் வாய்ப்பு கூடுகிறது. 2019-இல் வந்த ரோல் க்யூ அந்தக் காத்திருப்புச் சண்டையை ஒழித்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கூடவே ஒன்று போய்விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். முன்பெல்லாம் ஹீலர் எடுத்தவர் மற்ற ஐந்து பேர் கண் முன்னால் விட்டுக்கொடுத்தவர். "தேங்க்ஸ் ஃபார் ஹீலர்" என்று யாராவது ஒருவர் டைப் செய்வார். இப்போது நீங்கள் விரும்பி க்யூ போட்டு வந்தவர். "நீயா கேட்டு வாங்கின வேலைதானே" என்ற நினைப்பில் நன்றிக்கு இடமில்லை, சேவையில் குறை சொல்ல மட்டும்தான் இடம் இருக்கிறது.

சரி, சுமையையே குறைத்துவிட்டால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். டோட்டாவில் ஒரு காலத்தில், வாங்கிய பொருளைக் கொண்டுவந்து தரும் கூரியரை யாரோ ஒருவர் சொந்தத் தங்கத்தில் வாங்க வேண்டும், அந்த யாரோ எப்போதும் சப்போர்ட்தான். 2019 நவம்பர் அப்டேட்டில் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கூரியர் இலவசமாக வந்தது. யாரும் அதற்காக வருத்தப்பட்டதை நான் பார்த்ததில்லை. ஓவர்வாட்ச் 2-இல் 2024 பிப்ரவரியில், ஒன்பதாவது சீசனில், சண்டையிலிருந்து சற்று விலகி நின்றால் டேங்க், டமேஜ் ஹீரோக்களுக்கும் தானாகவே உயிர் ஏறும்படி செய்தார்கள். அதே அப்டேட்டில் டமேஜ் ஹீரோக்களிடம் அடி வாங்கியவருக்குச் சிறிது நேரம் ஹீல் குறைவாகவே ஏறும் என்றும் வைத்தார்கள். முதல் மாற்றம் உங்கள் வேலையைப் பகிர்ந்தது, இரண்டாவது மாற்றம் உங்கள் கையைக் கட்டியது. முதலாவதை நான் முழு மனதோடு வரவேற்றேன். மாடியில் நின்று ஹீல் பட்டனை அமுக்கும் கென்ஜிக்கு "கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, தானா ஏறும்" என்று சொல்ல முடிவது பெரிய விஷயம்.

ஆனால் இதை ஒரேயடியாகக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு ஃபைனல் ஃபேன்டஸி 14 சாட்சி. அங்கே டேங்குகள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளும் திறமை வருடா வருடம் கூடிக்கொண்டே வந்தது. வாரியர் என்ற டேங்க்கை ஆடத் தெரிந்தவர் சாதாரண டன்ஜனில் ஹீலர் இல்லாமலேயே சமாளிப்பார். 2024 ஜூனில், டான்ட்ரெயில் என்ற விரிவாக்கம் வெளிவரும் நேரத்தில், ஹீலர் ஆட்டக்காரர்கள் சிலர் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். அவர்கள் குறை வேலை அதிகம் என்பது இல்லை. எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை, ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு நிற்கிறோம் என்பதுதான். எனக்கு இது மிக முக்கியமான தகவலாகப் படுகிறது. சப்போர்ட்டை விரும்பி ஆடுபவர் வேலை குறைய வேண்டும் என்று கேட்பதில்லை. வேலை கண்ணுக்குத் தெரிய வேண்டும், தன் கையில் இருக்கும் வேலையில் தன் முடிவுக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார். நீங்கள் அனா ஆடுகிறீர்கள் என்பதே அதைச் சொல்கிறது. சுலபமான வேலை வேண்டும் என்பவர் அனாவின் பக்கம் போகமாட்டார்.

நம் பக்கத்து அனுபவம் ஒன்றையும் சேர்க்க வேண்டும். வாலரன்ட்டில் மும்பை சர்வரில் ஆடுபவர்களுக்குத் தெரியும்: தமிழ், இந்தி, தெலுங்கு, மலையாளம் எல்லாம் ஒரே வாய்ஸ் சாட்டில் கலந்து ஓடும். ஹீல் செய்யும் சேஜ் பாத்திரத்தை எடுத்தவரை யாரும் நிக்நேம் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை, "டேய் சேஜ், ஹீல் போடுறா", "சேஜ், சுவர் போடு" என்று ஏவல்தான். அதே சாட்டில் ஒரு பெண் குரல் கேட்டால் "நீங்க சேஜ் எடுத்துக்கோங்க" என்று அடுத்த நொடியே வரும். என் தங்கை முறையாகும் ஒருத்தி நன்றாக டூயலிஸ்ட் (முன்னால் போய்ச் சண்டையிடும் ரோல்) ஆடுவாள். ஆண் பெயரில் ஐடி வைத்து, மைக்கைத் திறக்காமல்தான் ஆடுகிறாள். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹேலோ 3 மேட்சுகளில் முன்பே பதிவு செய்த வாசகங்களை ஆண் குரலிலும் பெண் குரலிலும் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். பெண் குரலுக்கு வந்த எதிர்மறைப் பேச்சுகள் ஆண் குரலுக்கு வந்ததைப் போல மூன்று மடங்கு. அது சப்போர்ட் பற்றிய ஆய்வு இல்லை என்பதால் இரண்டையும் நான் ஒட்டவைக்க மாட்டேன். ஆனால் "பார்த்துக்கொள்ளும் வேலை" யாருடையது என்று நம் வீடுகளில் இருக்கும் எண்ணம் மைக் வழியாகவும் உள்ளே வருகிறது என்பதை நான் கேட்ட அளவில் மறுக்க முடியவில்லை. நீங்கள் உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பெண்ணாக இருந்தால் உங்களுக்கு விழும் வசையில் ஒரு பங்கு ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாதது.

இத்தனையும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மை ஆகாது. வரும் குறை எல்லாமே அநியாயம் இல்லை. மொய்ரா எடுத்துக்கொண்டு முழு மேட்சும் எதிரியைத் துரத்தும் சப்போர்ட்டும் இருக்கிறார். ஒரே ஆளை ஒட்டிக்கொண்டு மற்ற மூன்று பேரை மறந்துவிடும் மெர்சியும் இருக்கிறார். எது நியாயமான குறை, எது இல்லை என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. தோற்ற மேட்சின் ரீப்ளேயை எடுங்கள். குழுவில் யார் செத்தாலும் அதற்கு முந்தைய ஐந்து விநாடியை அவர் கண்ணிலிருந்து ஒருமுறையும், உங்கள் கண்ணிலிருந்து ஒருமுறையும் பாருங்கள். அந்த நேரத்தில் உங்களால் அவரைப் பார்க்க முடிந்ததா, பார்க்க முடிந்தும் வேறு வேலையில் இருந்தீர்களா, அந்த வேறு வேலை அதைவிட முக்கியமா? இந்த மூன்றும் போதும். என்னிடம் ஆடக் கற்றுக்கொண்டவர்களோடு உட்கார்ந்து இதைச் செய்யும்போது, அவர்கள் தங்கள் தப்பு என்று நினைத்த சாவுகளில் பெரும்பகுதி கைக்கு எட்டாதவையாக இருக்கும். தப்பு என்றே நினைக்காத சில அவர்களுடையதாக இருக்கும். இரண்டும் தெரிந்த பிறகு, சாட்டில் வரும் வார்த்தைக்குப் பழைய கனம் இருப்பதில்லை.

ஆட்டத்துக்குள் மாற்றிக்கொள்ள வேண்டியது என்று நான் முதலில் சொல்வது: எல்லோரையும் காப்பாற்றுவது உங்கள் வேலை இல்லை. யாரைக் காப்பாற்றினால் சண்டை ஜெயிக்கும் என்று தேர்ந்தெடுப்பதுதான் வேலை. முனையைத் தாண்டிப் போனவரைத் தேடிக்கொண்டு நீங்களும் போய்ச் செத்தால் ஒன்றுக்கு இரண்டாகப் போகும். போனவரை விட்டுவிடுவது கல்நெஞ்சம் இல்லை, கணக்கு. அடுத்து, ஒவ்வொரு சாவுக்கும் "சாரி" டைப் செய்யும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். சப்போர்ட் ஆடும் நல்ல மனசுக்காரர்கள் பலருக்கு இது இருக்கிறது. "சாரி" என்று எழுதியதும் குழு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டது; பிறகு என்ன நடந்தாலும் அந்தப் பக்கமே திரும்பும். அதற்குப் பதிலாகச் சண்டை தொடங்கும் முன்பே தகவல் சொல்லுங்கள்: "கிரனேட் இல்ல, 5 செகண்ட்", "முனைக்கு அந்தப் பக்கம் என்னால ஹீல் பண்ண முடியாது". எல்லோரும் கேட்பார்கள் என்று சொல்லவில்லை. ஒருவர் கேட்டாலும் ஒரு சாவு குறையும்.

இன்னொன்று, உங்களைப் போலவே அதே மேட்சில் ஒரு சப்போர்ட் இருக்கிறார். ஐந்து பேரில் உங்கள் வேலை என்னவென்று பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவர். தொடக்கத்திலேயே "நான் டேங்கைப் பார்த்துக்கிறேன், நீங்க பின்னாடி பாருங்க" என்று ஒரு வரி போடுங்கள், முடிந்ததும் என்டார்ஸ் (கேமிலேயே இருக்கும் பாராட்டு) கொடுங்கள். ஒத்துவந்தவரை நண்பர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக க்யூ போடுவதும் இரண்டு பேராகப் போடுவதும் வேறு வேறு விளையாட்டு என்றே சொல்வேன். ஐந்தில் ஒருவர் பழகியவராக இருந்தாலே, நான் மேலே சொன்ன அந்தக் கடன் கணக்கு மறுபடி உயிர் பெறுகிறது. மியூட் பற்றி உங்களுக்குச் சொன்னவர்கள் தவறு சொல்லவில்லை, ஆனால் அதை முதல் வசைக்குப் பிறகு செய்யுங்கள், மேட்ச் தொடங்கும் முன்பே செய்தால் பயனுள்ள தகவலும் போய்விடும். எச்சரிக்கைக் குரல் கொடுக்கும் ஒருவருக்காகவாவது காது திறந்திருக்க வேண்டும்.

விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்களை நேரில் தெரியாமல் ஆம், இல்லை என்று சொல்வது சரியாக இருக்காது. தூக்கம் கெடுகிறது, வீட்டில் இருப்பவர்கள் மேல் எரிந்து விழுகிறீர்கள் என்றால் கொஞ்ச நாள் கேமையே ஒதுக்கி வையுங்கள். அப்படியும் மனசு சரியாகவில்லை என்றால் என்னைப் போன்ற கேம்காரனிடம் கேட்காமல் அதற்கென்று படித்தவரிடம் பேசுங்கள். அந்த அளவுக்கு இல்லை, வெறும் சலிப்புதான் என்றால், விடுவதற்கு முன் ஒரு மாதம் டமேஜ் ரோலில் ஆடிப் பாருங்கள். குறியில் கண்ணை வைத்தபடி ஓடும்போது பின்னால் இருப்பவர் உங்கள் பார்வையிலேயே இல்லை என்பது புரியும். எவ்வளவு நல்ல ஹீலர் வந்தாலும் அவர் செய்வதில் பாதி உங்களுக்குத் தெரியவே தெரியாது என்பதும் புரியும். அந்த மாதத்தில் சப்போர்ட் திரையை நினைத்துக் கை பரபரத்தால் திரும்பி வாருங்கள், வரும்போது கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பரபரக்கவில்லை என்றால் டமேஜிலேயே இருந்துவிடுங்கள், அதில் குற்ற உணர்ச்சிக்கு எந்த இடமும் இல்லை. ஆள் பற்றாக்குறை கம்பெனி தீர்க்க வேண்டிய பிரச்சனை, உங்கள் தலையில் சுமத்திக்கொள்ள வேண்டியது இல்லை.